மூன்று தப்பான பெயர்கள்

மின்சாரம் போன முதல் நாள் நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி இருந்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் சீட்டாட்டம், அடுப்பின் மேல் பட்டாணி சூப், மத்தியானமே தூக்கம். இரண்டாம் நாள் ஆளுக்கு ஆள் சிடுசிடுத்தோம். மூன்றாம் நாள் காலை நான் கண் விழித்தபோது எங்கள் ஊர் கில்லிக் குடாவே தண்ணீருக்கு அடியில் இறங்கிவிட்டது போல இருந்தது. ஜன்னல் முழுக்கப் பனி ஏறி, அறைக்குள் வெளிர்நீலமாக ஒரு வெளிச்சம். ஃப்ரிட்ஜின் உறுமல் இல்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடியது, அதுவும் பக்கத்து வீட்டில் ஓடுவது போலத் தூரமாகக் கேட்டது.

வெளியே கம்பிகளின் மேல் கண்ணாடிப் பனி மணிக்கட்டுத் தடிமனுக்குப் படிந்து, பாரம் தாங்காமல் பதினொரு கம்பங்கள் படுத்துவிட்டன. அதற்கு மேல் மூன்று நாளாக விடாமல் பனிக்காற்று. சாலை எங்கே, வேலி எங்கே, யார் படகு எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. பனி வாரும் வண்டியே பெரிய சாலையில் சிக்கிக் கிடக்கிறது, ஆம்புலன்ஸ்கூட வர முடியாது, வீட்டிலேயே கதகதப்பாக இருங்கள் என்று பேட்டரி ரேடியோவில் ஒரு பெண் தேன் குழைத்துச் சொன்னாள். அவள் வீட்டில் கரண்ட் இருந்திருக்கும்.

எங்களுக்குக் கதகதப்புக்குக் குறைவில்லை. கில்லிக் குடாவில் முப்பத்தொரு வீடு. எல்லா வீட்டிலும் மின்சார ஹீட்டர் உண்டு, எல்லா வீட்டிலும் பழைய விறகடுப்பும் உண்டு. கடலை நம்பினாலும் நம்பு, கரண்டை நம்பாதே என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. கடலுக்கு அத்தனை பேரைக் கொடுத்த ஊர் இப்படிச் சொல்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அடுப்பைப் பிடுங்கி வெளியே போட்ட வீடு இந்தக் குடாவில் ஒன்றே ஒன்றுதான். அது என் அக்கா டிரிஃபியின் வீடு. அக்கா போய்ப் பதினைந்து மாதம் ஆகிறது. அக்கரையில் தள்ளி நிற்கும் அந்த வீட்டில் இப்போது அவள் புருஷன் லியாண்டர் மட்டும் இருக்கிறான்.

அக்கா புருஷனை அவன் இவன் என்கிறாளே என்று நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து, என் பென்சிலை எடுத்துக் காது குடைந்தவன் அவன். அவனுக்கு எங்கிருந்து மரியாதை வரும்?

அந்த அடுப்பு போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம் செப்டம்பரில். முப்பத்தைந்து வருஷம் அக்கா அந்த வீட்டில் விறகு சுமந்தாள், சாம்பல் அள்ளினாள், புகையில் இருமினாள். லியாண்டர் பாதி வருஷம் படகில் இருப்பான், மீதி வருஷம் காட்டில் வேட்டையில் இருப்பான். திடீரென்று ஒரு நாள் லாரி வந்தது, அடுப்பு போயிற்று, அறைக்கு அறை வெள்ளை வெளேரென்று ஹீட்டர். அடுத்த மாதமே அக்கா படுத்தாள். மூன்று வாரம்தான். நெஞ்சில் நோய் இருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து சபைக் கூடத்தில் எல்லோரும் தேநீரும் சாண்ட்விச்சுமாக நிற்கும்போது நான் வாயைத் திறந்தேன். என் வாய் பொல்லாத வாய். திறந்தால் எனக்கே அடங்காது.

"முப்பத்தஞ்சு வருஷம் அவளப் பொதி சுமக்க வச்ச. அவ போற நேரம் பாத்து உனக்கு சொகுசு பண்ணிக்கிட்ட. இனிமே நீ எங்களுக்கு யாரோ, லியாண்டர்!"

முப்பத்தொரு வீடும் கேட்டுக்கொண்டு நின்றது. ஒருத்தர் மறுத்துப் பேசவில்லை. அவனும் பேசவில்லை. கோப்பையை மேஜையில் வைத்தான், தொப்பியை எடுத்தான், போனான். அதற்கப்புறம் என் வீட்டுப் படியை அவன் மிதிக்கவில்லை, வேறு யார் வீட்டுப் படியையும் மிதிக்கவில்லை.

இந்தப் புயலில் இரண்டாம் நாளே என் வீட்டுக்காரர் கார்லண்ட் அக்கரைக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். "ரெண்டு ஸ்வெட்டர் போட்டிருக்கேன், குளிர்னா மூணாவது போட்டுக்கறேங்கறான். கதவத் திறக்கவே இல்ல" என்று திரும்பி வந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் அடுத்த வீட்டு கிளார் போய்விட்டு வந்தான். கிளாரும் அவன் பெண்டாட்டி மெல்வினாவும் என் அடுப்படியில் நின்றார்கள். கிளாரின் புருவத்தில் பனி இன்னும் கரையவில்லை.

"ஜன்னல் வழியாப் பாத்தேன். நாற்காலியில உக்காந்திருக்கான். மேல ரெண்டு போர்வை. மேஜையில ஒரே ஒரு மெழுகுவத்தி. என்னப் பாத்துக் கையாட்டறான். பேச்சு குழறுது, வெர்னா. வெயில் நல்லா அடிக்குதுல்லங்கறான்."

மெல்வினா இருபது வருஷம் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். "நடுங்கறானா?" என்று கேட்டாள்.

"இல்ல. அசையாம உக்காந்திருக்கான்."

"நடுக்கம் நின்னுடுச்சா? அப்ப இந்த ராத்திரி தாண்டாது."

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை பதினைந்து மாதம் கழித்து அந்த ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. வேறு எப்படி நினைத்துப் பார்த்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நின்றது.

"தூக்கிட்டு வந்துடுவோம்" என்றார் கார்லண்ட்.

"சாக்கு மூட்டையாட்டம் தூக்கினா உயிர் பொழைப்பான். அப்பறம் வெக்கத்துலயே சாவான். சும்மா இருய்யா, யோசிக்கணும்" என்றேன்.

"நீ போய்க் கூப்பிடேன்" என்றாள் மெல்வினா.

"என் குரல் கேட்டா கதவுக்குக் குறுக்க பீரோவ நகர்த்துவான்."

அடுப்பு மட்டும் வெடித்துப் பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் மெல்வினா நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள், "இன்னிக்குத் தேதி அஞ்சு. நாளைக்கு வரைக்கும் வேஷம் கட்டலாம்."

கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி ஆறு வரை எங்கள் குடாவில் வேஷக்காரர்கள் வீடு வீடாகப் போவார்கள். ஆண்கள் பெண் உடுப்பில், பெண்கள் ஆண் உடுப்பில், முதுகில் கூன், வயிற்றில் தலையணை, முகத்தில் ஜன்னல் திரை. மூச்சை உள்ளே இழுத்தபடிதான் பேச வேண்டும், அப்போது குரல் யாருடையது என்று தெரியாது. யாரென்று வீட்டுக்காரர் பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் திரையை எடுத்துவிட்டு, ஒரு வாய் ரம், ஒரு துண்டு கேக், பிறகு நடையைக் கட்ட வேண்டும். சொல்லாதவரை போகச் சொல்ல முடியாது. மூன்று தடவை தப்பாகச் சொன்னால் வீட்டுக்காரரே வேஷம் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கூட வர வேண்டும். துக்க வீட்டுக்கு மட்டும் ஒரு வருஷம் போக மாட்டோம். லியாண்டர் வீட்டுக்கு அந்த வருஷம் முடிந்திருந்தது. மற்றபடி வேஷக்காரர்களுக்குக் கதவைச் சாத்துகிறவன் கில்லிக் குடாவில் இன்னும் பிறக்கவில்லை.

"கூனுக்குத் தலையணை வேணாம்" என்றேன் நான். "கல்லு வைப்போம்."

படுக்கைக்குச் சூடேற்ற எல்லா வீட்டிலும் உருண்டைக் கல் வைத்திருப்போம். இரண்டு மணி நேரம் என் அடுப்பிலும் மெல்வினா அடுப்பிலும் கல் வெந்தது. கம்பளிக் காலுறைகளில் போட்டு முடிச்சுப் போட்டோம். கிளாருக்கு இரண்டு கூன். கார்லண்டுக்கு எட்டு மாதக் கர்ப்பம். மெல்வினா மார்பில் பக்கத்துக்கொரு கல்லாக இரண்டு கல்லை வைத்துக்கொண்டு, "இத்தன வருஷத்துல இப்பதான் இங்க சூடு தெரியுது" என்று கிளாரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, சிரித்தோம்.

நான் கார்லண்ட் மழைக்குப் போடும் எண்ணெய்த்துணிச் சட்டையை மாட்டி முதுகில் மூட்டை கட்டிக்கொண்டேன். முகத்துக்குத் திரை வேண்டும். பெட்டியைத் திறந்து இருட்டில் கைக்கு வந்த துணியை உருவினேன். தலையில் போட்ட பிறகுதான் வாசனை வந்தது. விறகுப் புகை வாசனை. அக்கா வீட்டு அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலில் தொங்கிய திரை அது. ஹீட்டர் வந்ததும் புதுத் திரை மாட்டிவிட்டு, இதை எதற்காவது வைத்துக்கொள் என்று எனக்குக் கொடுத்திருந்தாள். ஓரத்தில் தீப்பொறி பட்டுக் காசளவு ஓட்டை. அந்த ஓட்டை என் வலது கண்ணுக்கு நேராக வந்து நின்றது. மாற்றிக்கொள்ள நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நாலரை மணிக்கு இருட்டிவிட்டது. இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு, ஒரு லாந்தரோடு நால்வரும் கிளம்பினோம். திரைக்குள்ளிருந்து பார்க்கும்போது உலகம் முழுவதும் பூ வேலைப்பாடாகத் தெரிந்தது. பனி பூவுக்குள் விழுந்தது. லாந்தர் வெளிச்சம் முன்னால் மஞ்சளாக மிதந்து போனது, அதற்குப் பின்னால் கர்ப்பிணி, கர்ப்பிணிக்குப் பின்னால் இரட்டைக் கூன். காற்று ஒரு கணம் ஓயும்போது காலடிச் சத்தம்கூட இல்லை. முதுகில் கல் கதகதவென்று, தூங்குகிற பிள்ளையைச் சுமப்பது போல இருந்தது. பாதி வழியில் நான் யார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. வெர்னா என்கிற சண்டைக்காரி எங்கோ பின்னால் வீட்டில் சூப் கிண்டிக்கொண்டிருக்கிறாள், இங்கே போவது வேறு யாரோ என்று தோன்றியது. அது எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கிளார் கதவைத் தட்டினான். மூச்சை உள்ளிழுத்துக் கேட்டான். "வேஷக்காரங்க... உள்ள வரலாமா?"

மறுபடி தட்டினான். என் நெஞ்சு கல்லைவிட வேகமாக ஆறியது. அப்புறம் உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். நெடுநேரம் கழித்துத் தாழ்ப்பாள்.

"வாங்க" என்றான் லியாண்டர்.

வெளியைவிட உள்ளே குளிர் அதிகம். குழாயடியில் தண்ணீர் பனிக்கட்டியாகித் தொங்கியது. அடுப்பு இருந்த இடத்தில் தரைவிரிப்பு மட்டும் புதுசாக, சதுரமாக, வெறுமையாகக் கிடந்தது. அவன் முகம் மெழுகுவத்தி மாதிரியே இருந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்தான். யாரைப் பார்க்கிறோம் என்று தெரியாத சிரிப்பு.

மெல்வினா ஆட இழுப்பது போல அவன் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். கார்லண்ட் பிரசவ வலி வந்தவர் போல ஊளையிட்டுக்கொண்டு, வயிற்றிலிருந்து கல்லை ஒவ்வொன்றாக எடுத்து அவன் மடியில், போர்வைக்குள்ளே வைத்தார். "ஆம்பளப் புள்ள... பொம்பளப் புள்ள... மறுபடி ஆம்பளப் புள்ள..." கிளார் இரண்டு கூனையும் அவிழ்த்து நாற்காலிக்கும் முதுகுக்கும் நடுவே செருகினான். ஃபிளாஸ்கிலிருந்து சர்க்கரை கொட்டிய தேநீரை மெல்வினா வாய் வாயாகக் குடிக்க வைத்தாள். பிறகு கிளார் தோளில் தொங்கவிட்டு வந்த அக்கார்டியன் பெட்டியை எடுத்து வாசித்தான், நாங்கள் ஆடினோம்.

அந்தச் சின்னச் சமையலறையில், ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி, கனத்த பூட்ஸுகளோடு ஆடினோம். சுவரெல்லாம் பூதங்கள் ஆடின. ஒரு பாட்டு முடிந்தால் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. நின்றால் அறை ஆறிவிடும். எங்கள் மூச்சுப் புகையெல்லாம் உத்தரத்தடியில் மேகமாக நின்றது. எத்தனை நேரம் ஆடினோமோ தெரியாது. ஜன்னல் கண்ணாடியில் பனி வியர்த்து, ஒரு கோடாக வழிந்து இறங்கியபோது நான் பார்த்தேன். அதே நேரம் லியாண்டர் நடுங்க ஆரம்பித்தான். பல்லெல்லாம் கடகடவென்று அடித்துக்கொண்டது. மெல்வினா ஆடிக்கொண்டே என் காதில், "நடுங்கறான்டீ, ஆண்டவனே, நடுங்கறான்" என்று சொல்லி அழுதாள்.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் கண்ணில் ஆள் வந்து உட்கார்ந்தது. நாற்காலியில் நிமிர்ந்தான்.

"கிளாரு, உன் அக்கார்டியனுக்கு யாரும் முகமூடி போடலியா?"

கிளார் திரையை எடுத்தான். எங்களுக்கு உயிர் வந்தது.

"குதிக்கறதப் பாத்தா மெல்வினா. இந்த வயசுல இப்படிக் குதிக்க வெக்கப்படாத பொம்பள வேற யாரு?" மெல்வினாவும் திரையை எடுத்தாள். "அப்பறம் இந்தப் புள்ளத்தாச்சி. அந்த பூட்ஸ் என்னுது, கார்லண்ட். நாலு வருஷம் முன்னாடி இரவல் வாங்கினது. புள்ள பொறந்ததும் திருப்பிக் குடு."

நான் மட்டும் மிச்சம். கதவோரம் நின்றிருந்தேன். லியாண்டர் மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தான். கால் தள்ளாடியது, ஆனால் வந்தான். திரைக்கு முன்னால் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்தான். அவன் விரல் அந்தத் தீப்பொறி ஓட்டையின் விளிம்பைத் தொட்டது. ஓட்டைக்கு இந்தப் பக்கம் என் கண், அந்தப் பக்கம் அவன் கண். ஒரு சாண் தூரம்கூட இல்லை. தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. இப்போது என் பெயரைச் சொல்வான், நான் திரையை எடுக்க வேண்டும், கேக்கைத் தின்றுவிட்டு வெளியே போக வேண்டும். இவன் இங்கேயே இருப்பான். கல்லெல்லாம் ஆறிக்கொண்டிருந்தது.

"பாதிரியார் சம்சாரம்" என்றான் லியாண்டர்.

மெல்வினா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையை ஆட்டினேன், இல்லையென்று.

"அப்ப மின்சார இலாகா ஆளு. கம்பம் நட வந்திருக்கான்."

இல்லை.

அவன் மெழுகுவத்தியைக் கொஞ்சம் இறக்கினான். கிளாரின் கையில் அக்கார்டியன் தானாக ஒரு மூச்சு விட்டு அடங்கியது.

"டிரிஃபி" என்றான்.

மூச்சை உள்ளே இழுத்துத்தானே பேச வேண்டும்? இழுக்க இழுக்க அது அழுகையாகவே வந்தது. ஒரு வழியாக, "இல்ல" என்றேன்.

"மூணும் தப்பா?" என்று லியாண்டர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். பேச்சில் குழறல் துளிகூட இல்லை. "அப்ப நான் தோத்துட்டேன். நானும் வரணும்ல?"

"சட்டம்னா சட்டம்தான்" என்றார் கார்லண்ட். சத்தம் சரியாக வரவில்லை அவருக்கு.

லியாண்டர் உள்ளே போய், தன் மூன்று ஸ்வெட்டருக்கு மேல் மேலங்கியும், அதற்கு மேல் அக்காவின் நீலப்பூப் போட்ட உடுப்பும் மாட்டிக்கொண்டு வந்தான். தலையணை உறையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டியிருந்தான். மிச்சமிருந்த சூட்டுக் கற்களை எல்லாம் அவன் உடுப்புக்குள்ளே போட்டோம். கதவருகே சுவரில் விளக்கு ஸ்விட்சை அணைக்க அவன் கை போனது, அணைக்காமல் திரும்பியது. கரண்ட் வந்தால் தெரிய வேண்டும் என்று எல்லோரும் ஒரு விளக்கை அப்படித்தான் விட்டு வைப்போம்.

திரும்பும்போது கயிற்றில் கார்லண்டும் மெல்வினாவும் முதலில், கடைசியில் கிளார், நடுவே நானும் அவனும். காற்று தணிந்திருந்தது. பனி அவசரமில்லாமல், நேராக இறங்கியது. ஓட்டை போட்ட தலையணை உறை என் தோளுக்குப் பக்கத்தில் மிதந்து வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அதற்குள்ளிருந்து குரல் வந்தது. மூச்சை உள்ளிழுக்கும் குரல், வார்த்தை வார்த்தையாக.

"நீ யாருன்னு... எனக்குத் தெரியாது. அதனால... சொல்றேன்."

நான் அவன் பக்கம் ஒட்டி நடந்தேன்.

"அடுப்ப எடுக்கச் சொன்னது... அவதான். நோவு... வசந்தத்துலயே அவளுக்குத் தெரியும். என் முதுகு... ஒடிஞ்ச முதுகு. நான் போனப்பறம்... நீ... விறகு வெட்டியே செத்துப் போவே... எல்லாத்தையும் கழட்டு... நான் இருக்கும்போதே... ஹீட்டர் போடுன்னா."

லாந்தர் முன்னால் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது.

"தங்கச்சிக்கு... சொல்லாதேன்னு... சத்தியம் வாங்கினா. அவளுக்குத் தெரிஞ்சா... கெட்டில் மாதிரி கொதிப்பா... அழுவா... அதப் பாத்துக்கிட்டு... என்னால சாக முடியாதுன்னா."

அப்படியே பனியில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஒரு மனுஷன் பெண்டாட்டிக்குச் செய்த சத்தியத்துக்காக ஊர் முன்னால் நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டு, பதினைந்து மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான். நான் மூன்று நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அறுபத்திரண்டு வயதில் அந்தப் பனியில்தான் எனக்குத் தெரிந்தது. கையை நீட்டினேன். கம்பளிக் கையுறைக்குள் ஒரு கை வந்தது. அந்த இரண்டு பேரும் யாரென்று தெரியாதவர்களாகவே, கையைப் பிடித்துக்கொண்டு குடாவைச் சுற்றி நடந்தார்கள்.

அடுத்த வீடு என் வீடு. நான் முதலில் உள்ளே போய், திரையை எடுத்து ஆணியில் மாட்டிவிட்டு, அடுப்பில் இரண்டு கட்டை போட்டு, வீட்டுக்காரியாக நின்றேன். அவன் வாசலில் நின்று முறைப்படி கேட்டான்.

"வேஷக்காரன்... உள்ள வரலாமா?"

"வா" என்றேன்.

அடுப்புக்கு அருகே நாற்காலியில் உட்கார வைத்தேன். நீலப்பூ உடுப்பிலிருந்து பனி உருகிச் சொட்டியது. கார்லண்ட், கிளார், மெல்வினா மூவரும் சுவரோரம் நின்றார்கள். அன்றைக்குச் சபைக் கூடத்திலும் இந்த மூவரும் நின்றிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு மூணு தடவை வேணாம்" என்றேன். "முத தடவையே சொல்றேன். இது எங்க லியாண்டர். எங்க அக்கா புருஷன். அன்னிக்கு நான் யாரோன்னு சொன்னது தப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க, அன்னிக்கும் கேட்டீங்கல்ல? நான் சொன்னது தப்பு."

கண்டுபிடித்துவிட்டால் முகத்தைக் காட்ட வேண்டும். அவன் காட்டவில்லை. உறைக்குள் தோள் குலுங்கியது. கண் ஓட்டைகளைச் சுற்றித் துணி நனைந்துகொண்டே வந்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் உள்ளிருந்து, சாதாரணக் குரலில், "ரம் எங்க?" என்றான்.

"மொதல்ல சூப்பு" என்று அதட்டினாள் மெல்வினா.

அந்த ராத்திரியும் அடுத்த இரண்டு நாளும் அவன் அடுப்பருகே தூங்கினான், விழித்தான், சாப்பிட்டான், மறுபடி தூங்கினான். அவன் என் கட்டைகளைப் பார்த்து, ஈர விறகு வெட்டி வச்சிருக்கீங்க என்று குறை சொன்னான். நான் பதில் சொல்லாமல் இருந்தேன். கார்லண்ட் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஏழாம் தேதி சாயங்காலம், சாப்பாட்டு நேரம். எங்கள் பக்கத்துக் கம்பங்கள் இன்னும் படுத்தே கிடந்தன. ஜன்னலுக்கு வெளியே இருட்டு, தண்ணீர், அதற்கப்பால் இருட்டு. திடீரென்று அக்கரையில் ஒரு மஞ்சள் சதுரம் பிறந்தது. டிரிஃபியின் சமையலறை ஜன்னல். வீட்டில் யாருமில்லாத அந்த விளக்கு, யாரோ உள்ளே இருப்பது போலவே எரிந்தது. மூவரும் கரண்டியை வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வந்துடுச்சு" என்றான் லியாண்டர்.

"ம்."

"குழாயெல்லாம் என்னாச்சோ, பாக்கணும்."

"ம்."

எழுந்தான். பூட்ஸை மாட்டினான். மடித்து வைத்திருந்த நீலப்பூ உடுப்பை அக்குளில் வைத்துக்கொண்டான். ஊருக்கே கேட்கிற என் வாய், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. இரு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கண்டுபிடித்தாகிவிட்டது, குடித்தாகிவிட்டது, சாப்பிட்டாகிவிட்டது. சட்டப்படி அவன் போக வேண்டியவன்.

கதவுவரை போனான். தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றான். ஆணியில் அக்காவின் திரைக்குப் பக்கத்தில் அவன் தலையணை உறை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தான். ஆறாம் தேதிக்குப் பிறகு வேஷம் கட்டினால் வருஷம் முழுக்க ஆகாது என்பார்கள், எங்கள் ஊரில் குழந்தைகூடச் செய்யாது. அவன் உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, திரும்பி வந்து, அடுப்பருகே அதே நாற்காலியில் உட்கார்ந்தான்.

"யாரு... நான்?" என்றான், மூச்சை உள்ளிழுத்து. "சொல்லு பாப்போம்."

அடுப்பின் கதவைத் திறந்து இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினேன்.

"தெரியலையேப்பா" என்றேன்.